ஒரு முழக் கேபிளும் தாய்மாமன் மடியும்

எங்கள் வீட்டில் சொத்துத் தகராறு கிடையாது. இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். வரப்புக்காக அடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் அதைக் கௌரவமான சண்டை என்பார்கள், நாலு பேர் பஞ்சாயத்துக்கு வருவார்கள். என் கணவரும் என் அண்ணனும் பேச்சை நிறுத்தியது ஒரு கேபிளுக்காக. அதன் நீளம் ஒரு முழம்தான் இருக்கும். வெளியில் சொன்னால் சிரிப்பார்களே என்று, கேட்டவர்களிடமெல்லாம் "இடத்து விஷயமா ஒரு சின்ன மனஸ்தாபம்" என்று பொய் சொல்லி வைத்தேன். அதை எல்லோரும் உடனே நம்பினார்கள்.

என் கணவர் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் தயாரிக்கிறார். பாகுப் பதத்தை விரலால் தொட்டே சொல்லிவிடுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். மகள் பிறந்த வருடம் அவருக்கு நல்ல பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதுவரை எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் கெட்ட பாட்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கிற செட்டாக வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்படி வாங்குகிறவர்கள் பாட்டுக் கேட்பதற்காக வாங்குகிறவர்கள். இவர் பாட்டைத் தேர்ந்து அனுப்ப ப்ரீஆம்ப் என்று ஒரு பெட்டி, அதைப் பெரிதாக்க பவர் ஆம்ப் என்று இன்னொரு பெட்டி, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு ஸ்பீக்கர் என்று வாங்கிக் குவித்தார். தொட்டில் ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போனது.

முதல் பெட்டியிலிருந்து இரண்டாவது பெட்டிக்குச் சத்தத்தைக் கொண்டுபோக ஒரு கேபிள் வேண்டும். செய்த புண்ணியவான் ஒரு வகைத் துளை மட்டும் வைத்திருக்கலாம். இரண்டு பெட்டிகளின் முதுகிலும் இரண்டு வகையும் வைத்திருந்தான். ஒன்று ஆர்சிஏ, டிவிக்குப் பின்னால் சொருகுகிற சாதாரண ஊசி. அதை அன்பேலன்ஸ்டு என்கிறார்கள். மற்றது எக்ஸ்எல்ஆர், மேடை மைக்கில் இருக்குமே, மூன்று முனை வைத்த தடியன். அது பேலன்ஸ்டு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனாலும் காப்பி ஆற்றும்போதும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும், பள்ளிக்கூடத்துக் கணக்குத் தாள் திருத்தும்போதும் இவரும் அண்ணனும் சொல்லிச் சொல்லி என் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். சாதாரணக் கேபிளில் ஒரு கம்பி பாட்டைக் கொண்டுபோகிறது, சுற்றியிருக்கிற வலை திரும்பி வரும் வழி. போகிற வழியில் கரண்டு இரைச்சல் ஏதாவது ஒட்டிக்கொண்டால் அதுவும் பாட்டோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும். பேலன்ஸ்டு கேபிளில் ஒரே பாட்டு இரண்டு கம்பியில், ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. மழை பெய்த கரிசலில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் இருவர் செருப்பிலும் ஒரே மாதிரி மண் அப்பும் அல்லவா? அதுபோல இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டும். போய்ச் சேருகிற இடத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்து, பொதுவாக ஒட்டியதைக் கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு குடும்பம் பிரிய வேண்டியதில்லை என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் எங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்ததில்லை.

கணவர் ஆர்சிஏ கட்சி. ஒரு வெளிநாட்டுத் தாடிக்காரர் வீடியோவில், வீட்டுக்குள் சின்னத் தூரத்துக்கு இதுவே போதும், இதில்தான் பாட்டு இனிப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டாராம். மிட்டாய்க்காரருக்கு இனிப்பு என்ற சொல் போதும். சின்ன விரல் தடிமனில் ஒரு ஜோடிக் கேபிள் மரப்பெட்டியில் பஞ்சு வைத்து வந்து இறங்கியது. அதன் மேல் அம்புக்குறி போட்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன். பாட்டு அந்தத் திசையில்தான் போக வேண்டுமாம். வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும் போலிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பாட்டுக்கும் சரணம் கிடையாது. பல்லவி வரும், புல்லாங்குழல்காரர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார், கேட்டதும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவார். அந்தப் புல்லாங்குழல்காரர் மூச்சு விட்டதைத்தான் நான் கேட்டேன், வாசித்ததைக் கேட்டதில்லை.

மூச்சோடு இன்னொன்றும் கேட்டது. பாட்டு நின்றதும் ஸ்பீக்கர் இரண்டும் "ம்ம்ம்" என்று உறுமின. அரிசி மில் மோட்டார் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அவர் ஸ்பீக்கரை நகர்த்தினார், பிளக்கை மாற்றினார், பிரிட்ஜை அணைத்தார். பால் திரிந்தது, உறுமல் போகவில்லை.

இந்த இடத்தில் என் அண்ணன் வருகிறான். எட்டயபுரத்தில் மைக் செட் வைத்திருக்கிறான். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி அலற விடுவது அவன்தான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான், மருமகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றுவான், கறிச்சோறு தின்றுவிட்டுப் போவான். அவனும் என் கணவரும் மாப்ள, மச்சான் என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள்தான்.

உறுமலைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பேய் பிடித்த வீட்டுக்குள் கோடாங்கி நுழைகிறபோது வருமே, அந்த வெளிச்சம்.

"மாப்ள, இது அன்பேலன்ஸ்டு ஒயரு பாக்கிற வேலை. பிடுங்கிப் போடுங்க. அடுத்த வாரம் நான் நல்லதாக் கொண்டாரேன்."

அடுத்த ஞாயிறு கொண்டுவந்தான். வயலில் மைக் கட்டுகிறபோது இழுக்கிற கேபிள் அது. இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழத்துக்கு, தெருக்கோடி வரை எட்டுகிற நீளம். மிச்சத்தைச் சுருட்டி சோபாவுக்கு அடியில் தள்ளினான். ஏதோ ஒரு ஊர்க் கொடையின் மண் இன்னும் அதில் ஒட்டியிருந்தது, ஹாலெல்லாம் உதிர்ந்தது. பெருக்கியது நான்.

சொருகிப் போட்டதும் பாட்டு பெரிதாகக் கேட்டது. "பாத்தியளா, எம்புட்டுத் தெளிவு!" என்றான் அண்ணன்.

"சத்தம் கூடியிருக்கு மச்சான். தெளிவு எங்க இருக்கு?" என்றார் இவர்.

அதில் இவர் சொன்னதும் உண்மைதானாம். அந்தத் துளையில் சத்தமே கூடுதலாகத்தான் வரும், கூடுதலாகக் கேட்பதெல்லாம் நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். பாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். உறுமல் குறைந்திருந்தது, போகவில்லை. அண்ணன் குறைந்ததைப் பிடித்துக்கொண்டான். இவர் போகாததைப் பிடித்துக்கொண்டார். சாப்பாடு போட்டேன். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் இருவரும் கறியைப் பார்க்கவில்லை.

"மேடைக்கு மேடை கட்டுதேன், எனக்குத் தெரியாதா மாப்ள?"

"ஊரு முழுக்கக் குழாய் கட்டி அலற விடுதவியளுக்கு வீட்டுப் பாட்டு எப்படி மச்சான் தெரியும்?"

இவர் அதை விளையாட்டாகச் சொன்னதாகத்தான் இன்றுவரை சாதிக்கிறார். அண்ணனுக்கு அது விளையாட்டாகக் கேட்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "ஆமா, பாகு காய்ச்சுதவியளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கை கழுவினான், கேபிளைச் சுருட்டினான், போய்விட்டான். என் வீட்டில் ஒருவர் சோற்றிலிருந்து எழுந்து போனது அதுதான் முதல் தடவை. அது என் அண்ணனாக இருந்தது.

சும்மா நாளாக இருந்தால் ஆறப்போட்டிருப்பேன். ஆனால் சித்திரையில் மகளுக்கு முடி இறக்கிக் காது குத்துவதாக இருந்தது. என் கணவரின் குலதெய்வம் விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, தாய்மாமன் பெயர் கொட்டை எழுத்தில் போட்டாகிவிட்டது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். எனக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. அவன் வராவிட்டால் பங்காளி வீட்டுக்காரர்கள் யாராவது ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பார்கள். என் பிள்ளைக்கு மாமன் இல்லை என்று அத்தனை பேருக்கும் முன்னால் ஆகிவிடும்.

என் கணவர் இந்த நேரத்தில் செய்த காரியத்தைக் கேளுங்கள். விழாவுக்கு வேறு ஊரிலிருந்து வேறு மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். தாய்மாமனே மைக் செட்காரனாக இருக்கிற வீட்டில், மருமகள் காதுகுத்துக்கு அடுத்த ஊர்க் குழாய். பெண் கொடுத்தவன் வாசலில் போய்க் காறித் துப்பியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

"அவிய வருவாவளோ மாட்டாவளோ, யாரு கண்டா? குழாய் இல்லாம விசேஷம் நடத்தச் சொல்லுதியா?" என்றார்.

"வருவாவளான்னு போன் போட்டுக் கேட்டியளா?"

"நான் எதுக்கு முதல்ல போடணும்?"

அண்ணனுக்கு நான் போன் போட்டேன். "முதல்ல அந்த ஒயரை மாத்தச் சொல்லு, வாரேன்" என்றான். அதை இவரிடம் சொன்னதும் பாதி வரை கேட்டுவிட்டு, "தாடிக்காரரே சொல்லியிருக்காரு" என்றார். அந்தத் தாடிக்காரர் மட்டும் எங்கள் தெருப் பக்கம் வந்திருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

உறுமல் போனால் சண்டையும் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உறுமல் போனது. அதைப் போக்கியது கேபிளும் இல்லை, தாடியும் இல்லை.

அந்த வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் கரிசல் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கொல்லையில் மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே எர்த் கம்பி இறக்கிய குழி இருக்கிறது. வீடு கட்டும்போதே, வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் மண் கம்பியை விட்டு விலகிவிடும், கசிகிற கரண்டு மண்ணில் இறங்க வழியில்லாமல் வீட்டுச் சாமான்களில் ஏறி நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். இந்த ஊரில் வீடு கட்டிய எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் வீட்டில் அது கணவருடைய வேலை. அவர் கேபிள் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார், குடம் தூக்க நேரமில்லை.

ஒரு காலையில் பிரிட்ஜைத் தொட்டபோது கை சுர்ரென்றது. தவழ்கிற பிள்ளை தொட்டுவிடுமே என்று எனக்குப் பதறியது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் எர்த் குழியைச் சுற்றி என் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. உப்பைக் கரைத்து, குடம் குடமாக ஊற்றினேன். முதலில் ஊற்றியதெல்லாம் சளசளவென்று உள்ளே போய்விட்டது, பிறகுதான் மண் ஊறி மூடியது.

சாயங்காலம் இவர் செட்டைப் போட்டார். பாட்டை நிறுத்தினார். வீடு அமைதியாக இருந்தது. வாசலில் போகிற சைக்கிள் சத்தம்கூடக் கேட்டது.

"ஏட்டி, பாத்தியா! நான் சொன்னேன்லா, கேபிளு பழகப் பழகச் சரியாகும்னு!"

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தினேன்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ஒரு நொடிக்காக இன்னும் ஒரு குடம் ஊற்றலாம். உடனே அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். 

"அப்பம் என் ஒயரும் வேண்டாம், அவிய ஒயரும் வேண்டாமா?"

"ரெண்டும் வேண்டாம்ணே. தண்ணிதான் வேணும்."

வைத்துவிட்டான். நான் கணக்கு டீச்சர். இரண்டு பேரும் தப்பு என்று நிரூபித்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். ஆண்களை வைத்துப் போடுகிற கணக்கு இல்லை அது. ஒருவர் ஜெயித்திருந்தால் ஜெயித்தவர் பெருந்தன்மையாக மற்றவரைக் கூப்பிட்டிருப்பார். இருவரும் தோற்றுவிட்டதால் கூப்பிட ஆளில்லை. இவர் செட்டைத் துணி போட்டு மூடினார். அண்ணன் என் போனை எடுப்பதையும் நிறுத்தினான்.

காதுகுத்துக்கு முந்தின நாள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் போனேன். அனல் முகத்தில் அடித்தது. அண்ணன் கொட்டகையில் குழாய் ஒன்றைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து ஸ்டூலைத் தள்ளினான்.

"அவிய பேசினது தப்பு. நான் இல்லேங்கல. என் பிள்ளை உனக்கு என்ன செஞ்சா?"

"வேற மைக் செட்டுக்குச் சொன்னாவல்லா, வேற மாமனுக்கும் சொல்லச் சொல்லு."

 நியாயமாகத்தான் சொன்னான். ஸ்கூட்டரில் வரும்போது யோசித்து வைத்திருந்த நயமான பேச்செல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணே, எனக்கு ஒயரைப் பத்தித் தெரியாண்டாம். அப்பா இல்ல, அம்மா இல்ல. பொறந்த வீடுன்னு நீ ஒருத்தன்தான் இருக்க. நீயும் இல்லேன்னா இப்பமே சொல்லிரு. நான் பழகிக்கிடுதேன்."

அவன் திருப்புளியை எடுத்துக் குழாயை மறுபடி பூட்ட ஆரம்பித்தான். நான் எழுந்தேன். வாசல் வரை வந்த பிறகு, "வெயிலா கெடக்கு, பாத்துப் போ" என்றான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதேன். ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் கோயில் பொட்டலில் பொங்கப்பானை ஏறிவிட்டது. ஜெனரேட்டரும் ஆம்பும் தூரத்து உடைமரத்தடியில் இருந்தன, கோயிலடியில் இருந்த மைக் செட் மேஜையிலிருந்து அங்கே வெடித்த வயலுக்குக் குறுக்கே பாட்டு ஒயர் இழுத்திருந்தார்கள். வேற்று ஊர்க் குழாய் கம்பத்து உச்சியில் இருந்துகொண்டு பக்திப் பாட்டைப் பாடியது. பாட்டுக்கு நடுவில் "ம்ம்ம்" என்று உறுமியது. எங்கள் வீட்டில் கேட்டது பூனை என்றால் இது எருமை. பங்காளிகளில் ஒரு பெரியவர், "தாய்மாமன் எங்கப்பா?" என்று கேட்டார். ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அந்த வண்டி வர வேண்டும் என்று இருந்ததை அன்றுதான் பார்த்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

லோடு ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பின்னால் சீர்த்தட்டுகள் இருந்தன. அண்ணன் புது வேட்டியில் இறங்கினான். உச்சியில் இருந்த குழாயை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அப்படியே திரும்பி ஏறிவிடுவானோ என்று நான் இரண்டு எட்டு முன்னால் போனேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் தகப்பன்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். இவர் போனார், குனிந்தார். இரண்டு முகமும் ஒரு சாணில் இருந்தன.

"பிடிங்க மச்சான்."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் வாங்கிக்கொண்டான். முடி இறக்கும்போது சும்மா இருந்த பிள்ளை, கம்பி ஏறியதும் வீறிட்டாள். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஊரையே அலற விடுகிறவனுக்கு இந்த ஓர் அலறல் தாங்கவில்லை. இவர் மண்டி போட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது காதும் முடிகிற வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு பிள்ளை என் தோளுக்கு வந்தாள்.

நான் காதில் மஞ்சள் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பாயில் ஆள் இல்லை. பந்தி போட்டாகிவிட்டது, தாய்மாமனுக்கு முதல் இலை காத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மைக் செட்காரர் மேஜைக்குப் பின்னால் குனிந்து நின்றார்கள். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனிதர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், கேட்பார் இல்லை.

"இம்புட்டுத் தூரத்துக்கு இந்த ஒயரையா போடுவான் மாப்ள?"

"மூளை இல்ல மச்சான். இங்கனக்கு நீங்க சொல்லுத கேபிள்தான் வேணும்."

"வீட்டுக்குள்ளன்னா வேற. அந்த ஒரு முழத்துக்கு நீங்க போட்டதே போதும்."

தூரம் என்றால் அது, பக்கம் என்றால் இது. இந்த இரண்டு வரியை அன்றைக்கே சோற்றுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்கு இவர்களுக்குத் திட்டுவதற்கென்று மூன்றாவதாக ஓர் ஆளும், ஒரு குலதெய்வமும், என் பிள்ளையின் இரண்டு காதும் தேவைப்பட்டிருக்கின்றன. என் மகள் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும். அண்ணன் வந்துவிட்டான்.